நாய்க்கும் மூட்டு வலி

நாயின் பின்னங்காலில் முழங்கால் எங்கே இருக்கிறது? பாதிக் காலுக்குச் சற்றுக் கீழே, பின்புறம் துருத்திக்கொண்டு கூர்மையாக ஒரு மடிப்புத் தெரிகிறதே, அதுதான் என்று பலர் சொல்வார்கள். நமக்கு முன்புறம் துருத்தும் முழங்கால் நாய்க்கு மட்டும் பின்புறம் துருத்துமா? அது முழங்காலே அல்ல, குதிகால். நாய் குதிகாலைத் தரையில் பதிக்காமல் விரல்களை ஊன்றி நடக்கும் பிராணி. அதன் உண்மையான முழங்கால் இன்னும் மேலே, வயிற்றை ஒட்டினாற்போல், நம்முடையதைப் போலவே முன்புறம் நோக்கி இருக்கிறது. முன்னங்காலிலும் இதே கதைதான். நாம் முழங்கால் என்று எண்ணுவது மணிக்கட்டு. முழங்கை மார்போடு ஒட்டி மறைந்திருக்கிறது. பழகிய நாயானால் அருகில் உட்கார்ந்து மெல்லத் தடவிப் பாருங்கள். நம் உடம்பின் எலும்பு ஒவ்வொன்றுக்கும் அங்கே ஓர் ஒன்றுவிட்ட உறவு இருப்பது விளங்கும்.

உறவு இருந்தால் நோயும் இருக்கும் அல்லவா? பாட்டிக்கு வரும் மூட்டு வலி நாய்க்கும் வருகிறது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய நாய்கள் ஏழு, எட்டு வயதிலேயே முதுமையைத் தொட்டுவிடும். அதுவரை வாசலில் சைக்கிள் மணி கேட்டதும் பாய்ந்து வந்த நாய், இப்போது படுத்த இடத்திலிருந்து வாலை மட்டும் ஆட்டுகிறது. "வயசாயிடுச்சு, அதான்" என்று சொல்லிவிட்டு நாம் உள்ளே போய்விடுகிறோம். பல வீடுகளில் விசாரணை இத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால் முதுமை வேறு, வலி வேறு. முதுமைக்கு மருந்தில்லை, வலியைக் குறைக்க நிறையச் செய்யலாம். அதில் பெரும்பகுதி மருந்துக் கடைக்குப் போகாமலே, நீங்கள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் இயற்பியலைக் கொண்டே செய்யக்கூடியது.

பனிக்கட்டியை விட வழுக்கும் மூட்டு

சைக்கிள் சக்கரம் எளிதாகச் சுழல்வதற்கு பேரிங்கும் கிரீசும் காரணம். உடம்பின் மூட்டும் ஒரு பேரிங்தான். அதுவும் இலேசுப்பட்ட பேரிங் அல்ல. உலர்ந்த எஃகின் மேல் எஃகு உரசினால் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.6. பனிக்கட்டியின் மேல் பனிக்கட்டி சறுக்கும்போது சுமார் 0.03. ஆரோக்கியமான மூட்டிலோ இது 0.01க்கும் கீழே! கிரீஸ் மாற்றாமல், திறந்து துடைக்காமல், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இரவு பகலாக உழைக்கிறது.

இந்த அதிசயத்தை நிகழ்த்துபவை இரண்டு. முதலாவது, எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு. நாய்க்கு இது ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே தடிமன் உள்ள மெல்லிய பூச்சு. அதில் நான்கில் மூன்று பங்கு வெறும் தண்ணீர். இரண்டாவது, மூட்டுக்குள் இருக்கும் உயவுத் திரவம். முட்டையின் வெண்கருவைப் போல வழவழப்பானது. இதற்கு அந்தக் குணத்தைத் தருவது ஹயலூரானிக் அமிலம் என்ற நீளமான மூலக்கூறு. கார்ல் மேயர், ஜான் பால்மர் என்ற இருவர் 1934ஆம் ஆண்டு இதை முதலில் கண்டுபிடித்தது மூட்டில் அல்ல, மாட்டின் கண்ணில்.

இந்தத் திரவத்துக்கு ஒரு விசித்திரமான பண்பு உண்டு. நாய் சும்மா நிற்கும்போது கெட்டியாக இருந்து பளுவைத் தாங்குகிறது. ஓடத் தொடங்கினால் நீர்த்துப்போய் வழி விடுகிறது. மூட்டு வேகமாக அசைய அசைய அதன் பாகுநிலை குறைகிறது. நல்லெண்ணெய் இப்படிச் செய்யாது. நீங்கள் மெதுவாகக் கலக்கினாலும் வேகமாகக் கலக்கினாலும் அதன் பாகுநிலை ஒன்றே. வெப்பம் குறைந்தால் பாகுநிலை கூடுவது மட்டும் இரண்டுக்கும் பொது. மார்கழி மாதக் காலையில் கிழட்டு நாய் எழுந்திருக்கத் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூட்டு தேயும்போது இந்த ஏற்பாடு முழுவதும் குலைகிறது. குருத்தெலும்பு சொரசொரப்பாகி, வெடித்து, மெலிகிறது. உயவுத் திரவம் நீர்த்துப்போகிறது. குருத்தெலும்பில் நரம்பு கிடையாது. ஆகவே அது தேயத் தொடங்கும்போது நாய்க்கு எதுவும் தெரியாது. தேய்ந்த துகள்களால் மூட்டின் உறை வீங்கிச் சிவந்து, அடியிலுள்ள எலும்பு நேரடியாக அடி வாங்கத் தொடங்கிய பிறகுதான் வலி வருகிறது. வலி தெரியும் நாளில் தேய்மானம் வெகுதூரம் போயிருக்கும் என்று பொருள். குருத்தெலும்புக்கு இரத்தக் குழாயும் கிடையாது என்பதால் வெட்டுக்காயம் ஆறுவது போல அது தானே ஆறிவிடுவதில்லை.

பெரிய நாய்களில் இன்னொரு பரம்பரைக் கோளாறும் உண்டு. இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்துக்குள் பந்து. சில நாய்களுக்குக் கிண்ணம் ஆழமில்லாமல், பந்து அதில் தளர்ந்து கிடக்கும். அமெரிக்காவில் ஷ்னெல் என்ற கால்நடை மருத்துவர் 1935இல் இதை முதன்முதலாக விவரித்தார். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. கிண்ணம் முழுவதும் பரவ வேண்டிய விசை அதன் விளிம்பில் மட்டும் விழுந்தால் என்ன ஆகும்? பரப்பு பாதியானால் அழுத்தம் இரட்டிப்பு. இப்படிப்பட்ட நாய்க்கு இரண்டு, மூன்று வயதிலேயே மூட்டு தேயத் தொடங்கலாம்.

நாய் சொல்லாது

காலை மிதித்துவிட்டால் நாய் "வீல்" என்று கத்தும். ஆனால் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வளரும் வலிக்கு அது கத்துவதில்லை. நடையை மாற்றிக்கொள்கிறது, வேலையைக் குறைத்துக்கொள்கிறது. அதனால்தான் நம் கண்ணை ஏமாற்றிவிடுகிறது. படி ஏறுமுன் ஒரு கணம் நின்று யோசிப்பது, படுக்கும் முன் இரண்டு மூன்று முறை இடம் மாற்றுவது, எழுந்ததும் நாலைந்து அடி விறைப்பாக நடந்து பிறகு சரியாவது, ஒரே மூட்டைத் திரும்பத் திரும்ப நக்குவது, சிறு பிள்ளைகள் தொட வந்தால் உறுமுவது. இவையெல்லாம் வலியின் மொழி. ஓடும்போது இரண்டு பின்னங்கால்களையும் முயல் போலச் சேர்த்து வைத்துத் தாவும் நாயைப் பார்த்து, "எவ்வளவு அழகாகக் குதிக்கிறது!" என்று மகிழ்பவர்களும் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் இடுப்பு வலியின் அடையாளம்.

பின்னங்கால் தொடையைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் சதை வற்றி, மறுபக்கம் திரண்டிருந்தால் வற்றிய காலை நாய் ஊன்றத் தயங்குகிறது என்று அறியலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. நம் நாட்டில் உண்ணிகள் பரப்பும் காய்ச்சலாலும் மூட்டுகள் வீங்கி நாய் நொண்டலாம். திடீரென்று நொண்டுவது, காய்ச்சல், தீனி மறுப்பது இவை சேர்ந்து வந்தால் அது தேய்மானம் அல்ல. உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒரு கிலோவின் உண்மையான எடை

இனி கணக்குக்கு வருவோம். 30 கிலோ எடையுள்ள ஒரு நாய் நான்கு காலில் நிற்கிறது. எடை நான்கு கால்களுக்கும் சமமாகப் பிரிவதில்லை. தலையும் மார்பும் கனமானவை. ஆகவே முன்னங்கால்கள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 60 சதவீதமும், பின்னங்கால்கள் 40 சதவீதமும் தாங்குகின்றன. முன்னே 18 கிலோ, பின்னே 12 கிலோ. நடக்கும்போது ஒரு பின்னங்கால் மேலே எழும். அப்போது 12 கிலோவும் மற்றொரு காலில் இறங்குகிறது.

அவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள். இங்கே நெம்புகோல் ஒன்று ஒளிந்திருக்கிறது. ஒற்றைக் காலில் நிற்கும்போது உடல் மறுபக்கம் சரியாமல் இருக்க, இடுப்பின் வெளிப்புறத் தசை இழுத்துப் பிடிக்கிறது. இடுப்பு மூட்டுதான் சுழலிடம். கணக்குக்காக, உடல் எடை செயல்படும் கோடு மூட்டிலிருந்து 5 செ.மீ. தள்ளியும், தசையின் இழுப்பு 2.5 செ.மீ. தள்ளியும் இருப்பதாகக் கொள்வோம். திருப்புத்திறன்கள் சமமாக வேண்டும். 12-ஐ 5-ஆல் பெருக்கினால் 60. அதை 2.5-ஆல் வகுத்தால் தசை இழுக்க வேண்டியது 24 கிலோ எடைக்குச் சமம். தசையும் எடையும் இரண்டுமே மூட்டை அழுத்துகின்றன. ஆக, அந்தச் சின்னப் பந்தின் மேல் மொத்தம் 36 கிலோ! நாயின் முழு எடையை விட அதிகம். இது நடைக்கு மட்டும். துள்ளோட்டத்தில் ஒவ்வொரு முன்னங்காலும் தரையை உடல் எடையை விட அதிகமான விசையுடன் அறைகிறது என்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள்.

எனவே நாய்க்கு ஒரு கிலோ கொழுப்பு ஏறினால் மூட்டுக்கு ஏறுவது ஒரு கிலோவுக்கு மேல். மனிதர்களில் இதை நேரடியாக ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மூட்டில் நான்கு கிலோ குறைகிறது.

நாய்களில் இதைவிட அருமையான சோதனை ஒன்று நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளாகப் பார்த்து 24 ஜோடி. எட்டு வார வயதிலிருந்து, ஜோடியில் ஒன்றுக்குக் கொடுக்கும் தீனியில் 25 சதவீதம் குறைத்து மற்றதற்குக் கொடுத்தார்கள். தீனி ஒன்றே, அளவு மட்டும் வேறு. நாய்கள் இயல்பாக இறக்கும் வரை காத்திருந்தார்கள். அறிவியலில் பொறுமை என்றால் இதுதான்! முடிவு 2002இல் வெளியாயிற்று. அதிகம் உண்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைவாக உண்டவற்றுக்கு 13 ஆண்டு. நமக்கு முக்கியமானது அடுத்தது. இடுப்பு மூட்டுத் தேய்மானம் எக்ஸ்ரேயில் தென்பட்ட இடைநிலை வயது முதல் கூட்டத்தில் 6. இரண்டாவது கூட்டத்தில் 12. ஒரே இரத்தம், ஒரே தீனி, கால் பங்கு குறைவு. ஆறு ஆண்டு ஆதாயம். இதற்கு ஈடான ஒரு மாத்திரையை எந்த நாட்டுக் கம்பெனியும் இன்னும் செய்யவில்லை.

ஏற்கெனவே குண்டாகி நொண்டும் நாய்க்கும் காலம் கடந்துவிடவில்லை. கொழுத்த நாய்கள் தம் எடையில் ஆறு சதவீதம் அளவுக்கு இழந்தாலே நொண்டல் குறைவதை 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. 30 கிலோ நாய்க்கு இது இரண்டு கிலோவுக்கும் குறைவு.

எடை சரியா என்று எப்படி அறிவது? விலாவை உள்ளங்கையால் தடவுங்கள். அழுத்தாமலே எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடை ஒடுங்கியிருக்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் பார்த்தவர்களுக்கு "ஐயோ, பட்டினி கிடக்கிறதே" என்று தோன்றலாம். உண்மையில் நகரத்து வீடுகளில் நாம் பார்த்துப் பழகிய உருண்டை லாப்ரடார்தான் அளவு தவறியது. நம் வீடுகளில் நாய்க்குத் தட்டில் வைப்பதை விட மேசைக்கடியில் போவதே அதிகம். அப்பா ஒரு இட்லி, அம்மா ஒரு பிடி சோறு, தாத்தா இரண்டு பிஸ்கட், நீங்கள் முறுக்கில் பாதி. ஒவ்வொருவரும் "கொஞ்சம்தானே" என்கிறோம். நாயின் வயிறு கூட்டிக்கொள்கிறது. வீட்டில் ஒரு உழக்கை நாய்க்கென்று ஒதுக்கி, நாளைய தீனியை காலையிலேயே அளந்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். யார் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

தரையும் படியும்

பளபளக்கும் கிரானைட் தரையும் டைல்ஸும் வீட்டுக்கு அழகு. கிழட்டு நாய்க்கு எதிரி. வலியுள்ள நாய் காலை நேராக ஊன்றாமல் சற்று அகட்டி வைக்கிறது. அகட்டிய கால் தரையை வெளிப்பக்கமாகத் தள்ளும். அதைத் தடுத்து நிறுத்த உராய்வு வேண்டும். உராய்வு போதாவிட்டால் கால்கள் நாலு பக்கமும் விரிந்து நாய் உட்கார்ந்துவிடுகிறது. மூட்டுக்குள் உராய்வு குறைய வேண்டும், மூட்டுக்கு வெளியே உராய்வு கூட வேண்டும். வயதாக ஆக இரண்டும் தலைகீழாகிவிடுவதுதான் பரிதாபம்.

மருந்து எளிது. நாய் வழக்கமாக நடக்கும் பாதையில் ரப்பர் விரிப்போ தென்னை நார் விரிப்போ போடுங்கள். பழைய சாக்கு வேண்டாம். டைல்ஸின் மேல் சாக்கே வழுக்கும். நகம் நீண்டிருந்தால் விரலடிச் சதை தரையில் படியாது. நகத்தை வெட்ட வேண்டும். விரல்களுக்கிடையில் முடி வளர்ந்திருந்தால் அதையும் கத்தரிக்க வேண்டும்.

குதிப்பதைப் பார்ப்போம். கட்டிலிலிருந்தோ காரிலிருந்தோ 60 செ.மீ. உயரத்தை நாய் குதித்து இறங்குகிறது. தரையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 3.4 மீட்டர். கால்கள் மடங்கி 10 செ.மீ. தொலைவில் அந்த வேகத்தை நிறுத்துவதாகக் கொண்டால், ஆற்றல் அழிவின்மை விதிப்படி சராசரி விசை உடல் எடையைப் போல் ஏழு மடங்கு. 30 கிலோ நாய்க்கு 210 கிலோ எடை! அவ்வளவும் பெரும்பாலும் முன்னங்கால்களில்தான் விழுகிறது. விறைத்துப்போன கிழ மூட்டு 10 செ.மீ. மடங்காது. 5 செ.மீ. மட்டும் மடங்கினால் எத்தனை மடங்கு என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு மீட்டர் நீளப் பலகையில் கோணியைச் சுற்றி ஆணி அடித்துச் சாய்தளமாக வைத்தால் இந்த அடி ஒன்றும் இல்லை.

படுக்கவும் நடக்கவும் நீந்தவும்

வலிக்கிறதே என்று நாயைக் கட்டிப்போட்டு ஓய்வு கொடுப்பது நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல். குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது என்று சொன்னேன் அல்லவா? பிறகு அதற்கு உணவு எப்படிப் போகிறது? ஈரப் பஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். கால் ஊன்றும்போது குருத்தெலும்பு நசுங்கி நீரை வெளியே பிழிகிறது. கால் எழும்போது விரிந்து, உணவுப் பொருள்கள் கலந்த திரவத்தை உறிஞ்சுகிறது. நடையே அதற்குச் சாப்பாடு. நடக்காத மூட்டு பட்டினி கிடக்கிறது. அதைத் தாங்கிப் பிடிக்கும் தசையும் வற்றுகிறது. ஆகவே தினமும், கொஞ்சம் கொஞ்சமாக, மெதுவாக நடத்த வேண்டும். ஆறு நாள் கட்டிப்போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் பந்து எறிந்து ஓடவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

எடையைத் தாங்காமல் நடக்க வழி உண்டா? ஆர்க்கிமிடீஸ் சொன்ன வழி இருக்கிறது. நாய்களைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, கால்கள் தாங்கும் எடையை அளந்து 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குதிகால் அளவு தண்ணீரில் 91 சதவீதம். முழங்கால் அளவில் 85 சதவீதம். இடுப்பு அளவு வந்ததும் வெறும் 38 சதவீதம்! முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடையே ஏன் இப்படி ஒரு பெரிய வீழ்ச்சி? கால்கள் மெலிந்தவை, அவை இடம்பெயர்க்கும் நீர் சொற்பம். வயிறும் மார்பும் மூழ்கும்போதுதான் மேல்நோக்கு விசை பெருகுகிறது. பெரிய நகர மருத்துவமனைகள் சிலவற்றில் இதற்காகவே தண்ணீருக்குள் ஓடும் பட்டை வைத்து நாய்களை நடக்கவிடுகிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் நாயைக் கிணற்றில் தூக்கிப் போட வேண்டாம்! சரிவான கரையுள்ள, ஆழமில்லாத, ஓட்டமில்லாத தண்ணீர் கிடைத்தால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, கூடவே இறங்கி நடத்தலாம்.

அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் ஆபத்து

நாய் நொண்டுகிறது. வீட்டில் தாத்தாவின் மூட்டு வலி மாத்திரை இருக்கிறது. பாதி கொடுத்தால் என்ன? இந்தக் கட்டுரையில் மற்ற எதை மறந்தாலும் இதற்குப் பதிலை மறக்க வேண்டாம். கொடுக்கக் கூடாது. பாதியும் கூடாது, காலும் கூடாது.

ஏன் என்று அறிய 1971க்குப் போக வேண்டும். ஆஸ்பிரின் வலியை எப்படிக் குறைக்கிறது என்பது எழுபது ஆண்டுகளாக விளங்காமல் இருந்தது. உடம்பு புராஸ்டகிளாண்டின்கள் என்ற பொருள்களை உண்டாக்குவதை அது தடுக்கிறது என்று ஜான் வேன் என்ற ஆங்கிலேயர் அந்த ஆண்டு காட்டினார். 1982இல் இதற்காக நோபல் பரிசில் பங்கு பெற்றார். புராஸ்டகிளாண்டின்கள் வீக்கத்தையும் வலியையும் தூண்டுகின்றன. ஆனால் அவைதாம் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கின்றன. சிறுநீரகத்துக்குப் போதிய இரத்தம் பாயவும் உதவுகின்றன. வலியை நிறுத்தப் போய் காவற்காரனையும் சேர்த்து நிறுத்தினால் இரைப்பையில் புண், இரத்த வாந்தி, சிறுநீரகச் சேதம். நாயின் உடல் ஐபுபுரூஃபெனை நம்மைப் போல் எளிதாகச் சமாளிப்பதில்லை. நமக்குச் சாதாரணமான அளவு அதற்கு ஆபத்தாகும். பாரசிட்டமால் மிகுந்தால் நாயின் ஈரலைக் கெடுக்கும். பூனைக்கோ ஒரே மாத்திரை உயிரைக் குடித்துவிடும். அதன் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது.

ஒரு பிராணியின் மருந்து இன்னொன்றுக்கு நஞ்சு என்பதற்கு நம் நாடே பெரிய சாட்சி. வலிக்கும் வீக்கத்துக்கும் மாடுகளுக்கு டைகுளோஃபெனாக் கொடுத்தார்கள். மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இறந்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. வெண்முதுகுக் கழுகு 1990களின் தொடக்கத்திலிருந்து பதினைந்தே ஆண்டுகளில் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. காரணம் இந்த மருந்துதான் என்று 2004இல் தெரியவந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அதை இந்தியா தடை செய்தது. கழுகுகளுக்குத் தீங்கு செய்யாது என்று கண்டு மாற்றாகப் பரிந்துரைக்கப்பட்டது மெலாக்சிகாம். நாய்களின் மூட்டு வலிக்கும் கால்நடை மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதித் தருவது இதையோ கார்புரோஃபெனையோதான். ஆனால் எடை பார்த்து, இரத்தத்தில் சிறுநீரகமும் ஈரலும் நலமா என்று பார்த்து, மற்ற மருந்துகளைக் கேட்டு அளவு சொல்ல வேண்டியவர் அவர். ஸ்டெராய்டு சாப்பிடும் நாய்க்கு இவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் இரைப்பை ஓட்டையாகிவிடும் அபாயம் உண்டு.

அண்மையில் வந்த இன்னொரு மருந்தின் பின்னால் ஒரு வீரப் பெண்ணின் கதை இருக்கிறது. 1938இல் முசோலினியின் இனச் சட்டங்கள் இத்தாலியில் யூதர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து துரத்தின. ரீட்டா லெவி மொண்டால்சினி என்ற இளம் மருத்துவர் தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கினார். தையல் ஊசிகளைத் தீட்டிக் கருவிகளாக்கி, கோழிக் கருவின் நரம்புகள் வளர்வதை ஆராய்ந்தார். போருக்குப் பின் 1950களில் அமெரிக்காவில், நரம்புகளை வளரச் செய்யும் ஒரு புரதத்தைக் கண்டார். நரம்பு வளர்ச்சிக் காரணி என்று அதற்குப் பெயர். ஸ்டான்லி கோஹன் அதைப் பிரித்தெடுத்தார். இருவருக்கும் 1986இல் நோபல் பரிசு. அதே புரதம் தேய்ந்த மூட்டில் பெருகி வலி நரம்புகளைக் கூர்மையாக்குகிறது என்பது பிற்பாடு தெரிந்தது. அதைப் பிடித்துக் கட்டிப்போடும் பெடின்வெட்மேப் என்ற எதிர்ப்பொருளை மாதம் ஒரு முறை ஊசியாக நாய்க்குப் போடலாம் என்று 2020இல் ஐரோப்பாவும் 2023இல் அமெரிக்காவும் அனுமதித்தன. கோழிக் கருவைப் பார்த்தவர் நாயின் இடுப்பைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். இந்த ஊசி போட்ட சில நாய்களுக்குத் தள்ளாட்டம், வலிப்பு போன்றவை வந்ததாகத் தகவல்கள் சேர்ந்ததால், 2024 டிசம்பரில் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் மருத்துவர்களை எச்சரித்தது. புது மருந்தென்றால் ஒரு கண் அதன் மேல் இருக்கத்தான் வேண்டும்.

குணமானது நாய்க்கா, நமக்கா?

மருந்து வேலை செய்கிறதா என்பதை யாரிடம் கேட்பது? நாய் பேசாது. ஆகவே வீட்டுக்காரரைக் கேட்கிறார்கள். இதில்தான் சிக்கல். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுக்கப்பட்ட நாய்களை எடுத்துக்கொண்டு 2012இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்த நாய்களை விசைத் தட்டின் மேல் நடத்தி அளந்தார்கள். அது என்ன? தரையில் பதித்த ஒரு தட்டு. சிலவகைத் தட்டுகளில் அடியில் குவார்ட்ஸ் படிகங்கள் இருக்கும். படிகத்தை அழுத்தினால் மின்னூட்டம் பிறக்கும் என்று பியரி கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும் 1880இல் கண்டுபிடித்தார்களே, அதே விளைவுதான். நாய் மிதிக்கும் விசைக்குத் தக்கபடி மின்குறிப்பு வரும். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, நாய் தரையை எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவே தரை நாயைத் தள்ளுகிறது. வலிக்கும் காலை அது இலேசாக ஊன்றும். தட்டு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். தட்டின் கணக்கில் நொண்டல் குறையவே இல்லை. ஆனால் ஏறத்தாழ 40 சதவீதத் தடவைகளில் வீட்டுக்காரர்கள் "தேவலை" என்றார்கள். கண்ணால் பார்த்துச் சொன்ன மருத்துவர்களும் அதே அளவுக்கு ஏமாந்தார்கள்!

மூட்டுக்கு நல்லது என்று விற்கும் பொடிகளையும் டானிக்குகளையும் பார்க்கும்போது இதை நினைவில் கொள்ளுங்கள். குளுக்கோசமின் நன்றாக விலை போகிறது. சோதனைகளில் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. மீன் எண்ணெய் கலந்த தீனிக்கு விசைத் தட்டும் சாட்சி சொல்லியிருக்கிறது.

விசைத் தட்டு நம் வீட்டில் இல்லை. ஆனால் எடை பார்க்கும் இரண்டு ஒரே மாதிரி எந்திரங்கள் கிடைத்தால் போதும். அவற்றை அருகருகே வைத்து, நாயின் பின்னங்கால்களை ஒவ்வொன்றிலும் ஒன்றாக நிறுத்துங்கள். முன்னங்கால்களுக்கு அதே உயரத்தில் பலகை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எடை பின்னே சரியும். ஒருவர் நேர் எதிரே நின்று நாயை அழைக்கட்டும். தலை ஒரு பக்கம் திரும்பினாலே புவியீர்ப்பு மையம் நகர்ந்து அளவு மாறிவிடும். ஐந்து முறை எடுத்துச் சராசரி காணுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தொடர்ந்து குறைந்தால் அந்தக் காலில் வலி இருக்கிறது என்று கொள்ளலாம். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே உடல் எடையையும், வழக்கமான தெருவைச் சுற்றிவர ஆன நிமிடங்களையும் எழுதுங்கள். தீனி குறைத்த வாரமும் மருந்து தொடங்கிய வாரமும் அதில் இருக்கட்டும்.

கால்நடை மருத்துவரிடம் போகும்போது இந்த நோட்டை எடுத்துப் போங்கள். கூடவே வீட்டில் அது எழுந்து நடப்பதையும் படி ஏறுவதையும் செல்போனில் படமெடுத்துப் போங்கள். மருத்துவமனை வாசலில் பத்து நாய்களையும் நாலு பூனைகளையும் பார்த்த பரபரப்பில் எந்தக் கிழட்டு நாயும் நொண்ட மறந்துவிடும்.